ஓட்டுக் குறைந்தவர்கள் வந்திறங்கும் வீடு

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற சாலையில், சாயத்தண்ணீர் ஓடையைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் வருகிற எங்கள் லைன் வீடுகளில், ரத்தினாத்தாள் வீட்டு டிவிக்குள்ளிருந்து ஆட்கள் இறங்கி வர ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் விடுகிற முறையாகவும் இருந்ததால் எங்களில் பாதிப்பேர் அதைப் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் குடம் நிரம்பி வழிகிறதே என்று பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

லைன் வீடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன்: நடுவில் ஒரு சிமெண்டுச் சந்து, அதற்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒற்றை அறை வீடுகள், சந்து முனையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாயும் துவைகல்லும், வீட்டுக்கு வீடு நடுவில் ஒற்றைக்கல் சுவர், புழுக்கம் தாங்காமல் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை திறந்தே கிடக்கிற கதவுகள்; ஆகவே யார் வீட்டில் என்ன குழம்பு, யார் புருஷன் என்ன நிதானத்தில் வந்து சேர்ந்தான், யார் பிள்ளை எந்தப் பாடத்தில் கோட்டை விட்டது என்பதெல்லாம் எங்களுக்குத் தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கும் ரத்தினாத்தாளுக்கும் நடுவில் அப்படி ஒரு சுவர்தான். இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இருக்கிற ஒரே தகுதியும் அதுதான்.

ரத்தினாத்தாளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் எதுவானாலும் அதன்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப் போடுவது. லாரி ஓட்டப் போன புருஷன் போன இடத்திலேயே செத்துப்போன பிறகு ஒரே மகள் இந்துமதியை அந்த ஸ்டிக்கர் ஒட்டியே படிக்கவைத்து வளர்த்தாள். அந்த இந்துமதி, அதே கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்த ராமநாதபுரத்துப் பையன் ஒருவனை, வேறு சாதிப் பையனை, விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து சந்து முனையில் நின்றாள். மறுநாள் காலையில் ரத்தினாத்தாளின் அண்ணன் நாச்சிமுத்து சொந்தபந்தங்களோடு வந்து இறங்கி, ஒன்று அவளைத் தலைமுழுகு, இல்லாவிட்டால் எங்கள் வாசலை மறந்துவிடு என்று சொன்னார்.  ரத்தினாத்தாள் பொதுக்குழாயில் குடத்தைப் பிடித்து, சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊற்றிக்கொள்வதைப்போலத் தலைவழியே ஊற்றிக்கொண்டு, ‘என்ற மவ செத்துப்போயிட்டா’ என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். நாங்கள் எல்லாரும் அவரவர் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இந்துமதியும் பார்த்தாள், அப்புறம் அந்தப் பையனோடு பஸ் ஏறிப் போனாள்.

ஈரச்சேலையை மாற்றிக்கொண்டு ரத்தினாத்தாள் உலை வைத்தாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். அழவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் பட்டதாகத் தெரியவில்லை. கொதிக்கக் கொதிக்க டீயைக் குடிப்பாள், அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் இறக்குவாள், பொங்கலா தீபாவளியா என்று கேட்டால் அப்படியா என்பாள். உடம்பு மட்டும் எழுந்து போய் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் சுவரையே அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கினாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லைன் மொத்தமும் அந்த டிவிக்கு முன்னால் என்று ஆனது.

அப்போது எல்லாரும் பார்த்தது இரண்டு நிகழ்ச்சிகள். ஒன்று ‘ஒரே கூரை’: முன்பின் தெரியாதவர்களை ஒரு வீட்டுக்குள் போட்டுப் பூட்டி, சுற்றிலும் கேமரா வைத்து, வாரம் ஒருவரை ஓட்டுப்போட்டு வெளியேற்றுவது. இன்னொன்று ‘மாலை யாருக்கு’: ஒரு மாப்பிள்ளைப் பையன், அவனுக்காக வந்திருக்கிற ஒரு கூட்டம் பெண்கள், அவன் ஒவ்வொருத்தியோடும் படகில் போய், பரிசல் சுற்றி, மழை மெஷினுக்குக் கீழே நனைந்து, வாரக்கடைசியில் பார்க்கிறவர்கள் போட்ட ஓட்டையும் பார்த்து ஒருத்தியைக் கும்பிட்டு அனுப்பிவைப்பது. ரத்தினாத்தாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து இவை இரண்டையும் பார்ப்பாள், பார்த்தபடியே பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் அறிவிக்கிற குரலில் அபிப்பிராயம் சொல்வாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுகிறவன் நிஜமாக அழுகிறான், கண்ணை மட்டும் ஒற்றிக்கொள்கிறவன் கேமராவுக்கு அழுகிறான் என்பாள். சண்டையில் கத்துகிறவனைவிட, சண்டை முடிந்த பிறகு போய் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுக்கிறவனைத்தான் கவனிக்க வேண்டும், அவன்தான் மூட்டிவிட்டவன் என்பாள். மாப்பிள்ளைப் பையனைப் பற்றிக் கேட்டால், நாலு பேரிடமும் உன் கண்ணில் என்னைப் பார்த்தேன் என்று சொல்கிறவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் போதும், கல்யாணம் எதற்கு என்பாள். தூக்கம் வராத பெண்ணை எடுத்துக் காட்டி, தூங்குகிற பெண்ணைப் படத்திலிருந்து வெட்டிவிடுகிறார்கள், நல்ல பெண் எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள் என்பாள். எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது: பார்க்க ஆள் இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் செய்கிறவர்களை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். அவள் சொன்னது ஒருமுறையும் தப்பியதில்லை. அதே ரத்தினாத்தாள், ‘மாலை யாருக்கு’ நிகழ்ச்சியில், பையன் வீட்டுக்குச் சாதியிலும் ஊரிலும் ஒட்டாத நாகப்பட்டினத்துப் பெண்ணுக்குத்தான் வாராவாரம் ஓட்டுப் போட்டாள். அதைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட எங்களுக்கு நாக்கு நமநமக்கும், கடித்துக்கொள்வோம்.

முதலில் வந்தவன் ‘ஒரே கூரை’க்காரன் டார்வின், நாகர்கோவில்காரன், கட்டுமஸ்தான உடம்பு. தொகுப்பாளர் அவன் பெயரைச் சொல்லி வெளியே வாங்க என்றதும், அவன் சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு கதவைத் திறந்தான், திறந்து, டிவியின் கீழ்விளிம்பில் ஒரு காலை ஊன்றி, பார்த்து அண்ணா, கீழே சட்டி இருக்குது என்று நாங்கள் சொல்லச் சொல்ல இறங்கி ரத்தினாத்தாள் வீட்டுக்குள் நின்றான். அங்கே மேடையில் அவனே அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றான், இங்கே அவனே வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அங்க நிக்கது நான்தான், இதுவும் நான்தான் என்று அவனே சொல்லிவிட்டதால் நாங்களும் அதற்குமேல் அதைக் கிளறவில்லை. ரத்தினாத்தாள் எழுந்து ஒரு தட்டில் ரசம் சோறு போட்டு வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவாமலே கேட்டான்:

“அக்கா, எனக்கு ஏன் ஓட்டுப் போடல?”

“மொத வாரம் நீ தட்டுக் கழுவுன. ரெண்டாவது வாரம் கேமரா எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாத்துட்டுக் கழுவுன. அதனாலதான் தம்பி.”

அவன் தட்டைப் பார்த்துச் சரிதான் அக்கா என்றான், பெட்டியைத் தலைக்கு வைத்து அங்கேயே படுத்து மறுநாள் மத்தியானம்வரை தூங்கினான். எழுந்தபோது முகம் கழுவி விட்டாற்போல இருந்தது. அப்புறம் அவன் ஊருக்குப் போகாமல் ரத்தினாத்தாள் கம்பெனியிலேயே அயர்ன் மாஸ்டராகச் சேர்ந்துகொண்டான்.

அடுத்த வாரம் ஒருத்தி, அதற்கடுத்த வாரம் ஒருவன் என்று வர வர, லைன் அதற்கேற்ப வளைந்து கொடுத்தது. வீட்டுச் சொந்தக்காரர் பொங்கியண்ணன் வந்து, டிவியிலிருந்து வந்தாலும் ஆள் ஆள்தான், ஆதார் ஜெராக்ஸ் இல்லாமல் ஒருவரையும் தங்கவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். வந்தவர்கள் எல்லாருடைய பெட்டியிலும் அது தயாராக இருந்தது. தண்ணீர் வரிசையில் புதிதாக வந்தவர்களுக்குக் கடைசி இடம், ஆனால் ஒரு குடம் நிச்சயம் என்று பேசி முடிவானது. வந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு பழக்கம் இருந்தது. மூலை மூலையாக அண்ணாந்து கேமராவைத் தேடுவார்கள், தேடிக் கிடைக்காமல், சந்து முனையில் இருக்கிற நீலத் தண்ணீர் டிரம்முக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை, இன்னார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அதனிடம் சொல்வார்கள். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அது பழகிவிட்டது. எதிர்வீட்டு ஜோதிமணி முதலில் போய் உட்கார்ந்தாள், பிறகு என் வீட்டுக்காரரே ஒருநாள் வேலைவிட்டு வந்து டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அதெல்லாம் சொல்லக்கூடாது என்றார்.

எல்லாரும் கேட்டது அந்த ஒரே கேள்வியைத்தான், என்னை ஏன் வெளியே அனுப்பினீர்கள் என்று. வேறு எங்கே போய் அவர்கள் அதைக் கேட்க முடியும்? எண்ணிக்கை மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது, காரணத்தை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ரத்தினாத்தாள் காரணத்தைச் சொன்னாள். அதில் ஆறுதல் ஒன்றும் இருக்காது, துணியை விரித்து இதோ இங்கே ஓட்டை என்று காட்டுகிற மாதிரிதான் இருக்கும், ஆனாலும் கேட்டவர்கள் தூங்கினார்கள். இரண்டு நாளோ ஒரு வாரமோ இருந்துவிட்டுக் கிளம்பியவர்களுக்கு வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்து, மினிபஸ் நிறுத்தம்வரை போய் வழியனுப்பினோம். டிவியில் அவர்களை அந்த மாதிரி யாரும் வழியனுப்பியிருக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் எங்கள் லைன்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியத்தைச் செய்தோம். ஜோதிமணி மகள் வயசுக்கு வந்ததற்குச் சீர் வைத்திருந்தார்கள், சமையலுக்குப் பேசிய ஆள் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார். ‘ஒரே கூரை’க்குள் காரைக்குடிச் சமையல்காரர் ஒருவர் இருந்தார், தங்கமான மனிதர், எல்லாருக்கும் ஆக்கிப்போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவர். அவர் வெளியே வந்தால் இங்கேதானே வருவார் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், அந்த வாரம் லைன் மொத்தமும், பக்கத்து லைனையும் சேர்த்துக்கொண்டு, அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஓட்டுகளைக் கொட்டினோம். அவர் இறங்கி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன ஆத்தா தப்புப் பண்ணினேன் என்று கேட்டார். நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க, இவிகளுக்கு ஒரு சீருக்கு ஆள் வேணுமாமா, அதனாலதான் என்றாள் ரத்தினாத்தாள் அதே குரலில். அவர் கரண்டியைக் கையில் எடுத்தார். அன்றைய சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடுதலாகத்தான் இருந்தது, யாரும் குறைசொல்லவில்லை.

ருசி கண்ட பூனைகளாகிவிட்டோம். முதுகுவலிக்கு ஒரு யோகா டீச்சர், கரண்டு வேலைக்கு ஒரு பையன், பெண் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒரு அடக்கமான பெண் என்று, உள்ளே இருந்த உருப்படியான ஆட்களையெல்லாம் ஓட்டைத் திருப்பிப் போட்டு ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டோம். நாடெல்லாம் இத்தனை பேர் ஓட்டுப்போட எங்கள் ஓட்டு என்ன பெரிய ஓட்டு என்று கேட்கலாம், எங்களுக்கும் அது தெரியாது, ஆனால் நாங்கள் நினைத்தவர்கள்தான் வந்தார்கள். நல்லவர்கள் போகப் போக அந்த வீட்டுக்குள் கூச்சலும் சாபமும்தான் மிஞ்சின. நல்ல பீசையெல்லாம் வெளிய எடுத்துட்டீங்க, இனி உள்ள இருக்கறது பூராவும் ஸ்டிக்கர்தான் என்றாள் ரத்தினாத்தாள். அதற்கும் அவளுக்குக் கோபமோ சிரிப்போ வரவில்லை.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இறங்கி வந்து, பெட்டியை ஓரமாக வைத்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் ரத்தினாத்தாள் டிவியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், வந்தவருக்குப் பின்னால் இன்னும் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிற பார்வை அது. கொஞ்ச நேரம் பார்ப்பாள், அப்புறம் அப்பளம் வேண்டுமா என்று வந்தவரைக் கேட்பாள். அவள் யாருக்காகப் பார்க்கிறாள் என்று லைனில் எல்லாருக்கும் தெரியும். இத்தனை பேரை இறக்கிவிடுகிற பெட்டி தன் மகளையும் ஒருநாள் இறக்கிவிடாதா என்று அவள் காத்திருந்தாள், அப்படிக் காத்திருப்பது அவளுக்கே தெரிந்திருந்ததா என்பதுதான் எனக்குச் சந்தேகம். நான் ஒருமுறை வாய்விட்டே சொன்னேன், இந்துமதி எந்த நிகழ்ச்சியிலும் இல்லையே ரத்தினம், பல்லடத்தில் இருக்கிறாளாம், பஸ்ஸில் போனால் அரைமணி நேரம் ஆகுமா என்று. செத்தவளப் பத்தி என்ன மரகதம் பேச்சு என்றாள். 

மழைக்காலம் தொடங்கின சமயம் ‘மாலை யாருக்கு’ நிகழ்ச்சியிலிருந்து அந்த நாகப்பட்டினத்துப் பெண் வந்தாள். மதிவதனி என்று பெயர். பட்டுச்சேலையும் கலைந்த பூவுமாக இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல் ரத்தினாத்தாள் பக்கத்தில் போய் அவளைப் போலவே சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். நீங்கள் எனக்குத்தானே ஓட்டுப் போட்டீர்கள், அப்படியும் நான் ஏன் வந்தேன் என்று கேட்டாள். அந்த வாரம் மாப்பிள்ளைப் பையனின் அம்மா நிகழ்ச்சிக்கு வந்திருந்ததை ரத்தினாத்தாள் நினைவுபடுத்தினாள். அந்த அம்மா உன்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை, எங்கள் பக்கம் என்ன சொல்வார்கள் என்றுதான் சொன்னாள், அங்கேயே முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு அந்தப் பையன் உன்னோடு பரிசலில் சுற்றினதெல்லாம் சும்மா என்றாள்.

மதிவதனி காலை மடக்கி அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, “அப்ப அந்தம்மாவுக்கு என்னைப் புடிச்சுத்தான் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

எதற்கும் பதில் வைத்திருக்கிற ரத்தினாத்தாள் டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். டிவியில் சோப்பு விளம்பரம் முடிந்து இன்னொரு சோப்பு விளம்பரம் வந்தது. நாங்கள் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனோம்.

மதிவதனி நிறைய நாள் இருந்தாள். இந்துமதி விட்டுப்போன சுடிதார்களை ரத்தினாத்தாளே எடுத்துக் கொடுத்து உடுத்தச் சொன்னாள். காலையில் அவளுக்கும் சேர்த்துச் சோறு கட்டினாள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கூடிவருகிற மாதிரி இருந்தது, ஆனால் ரத்தினாத்தாள் முகத்தில் பழைய வெறுமைதான். இட்லியை ஊட்டி விடுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பாள், கண் டிவியில் இருக்கும். கடைசியில் மதிவதனிக்குப் பல்லடத்தில் ஒரு கம்பெனியில் மேற்பார்வை வேலை கிடைத்தது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினவள், சந்து முனையில் திரும்பி நின்று, ரத்தினாத்தாள் வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குள் டிவியில் வராத ஆட்களும் வர ஆரம்பித்திருந்தார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், அம்மா வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மருமகள், கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு வட்டச் செயலாளர். எல்லாரும் பஸ்ஸில் வந்து வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். உங்க நிகழ்ச்சிய நான் பாக்கலீங்களே, நடந்ததைச் சொல்லுங்க என்று ரத்தினாத்தாள் கேட்டு, கேட்டபின் காரணத்தைச் சொன்னாள். திருப்பூர்ப் பக்கம் பேச்சுப் பரவிவிட்டது, வெளியே அனுப்பப்பட்டவர்களுக்குக் காரணம் சொல்கிற ஒரு அம்மா இருக்கிறாள் என்று. சந்து முனையில் ஒருவர் டீக்கடையே போட்டுவிட்டார்.

‘ஒரே கூரை’யின் கடைசி நாள் வந்தது. உள்ளே மிஞ்சி இருந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே வாயைத் திறந்தால் ஊர் சண்டைக்கு வருகிற ரகம், நாங்கள் பார்த்துப் பார்த்து மிச்சம் வைத்தவர்கள். தோற்கிறவன் இங்கே வருவான், வந்தால் யார் வீட்டில் படுக்கவைப்பது என்று காலையிலிருந்தே வாக்குவாதம். சாயங்காலம் ரத்தினாத்தாள் வீடு நிரம்பி, வாசல் நிரம்பி, சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொகுப்பாளர் இரண்டு பேருடைய கையையும் பிடித்துக்கொண்டு, நீட்டி முழக்கி, விளம்பரத்துக்குப் பிறகு சொல்கிறேன் என்றார். எல்லார் கண்ணும் டிவியில் இருந்ததால் வாசல் வழியாக ஒருத்தி வந்ததை யாரும் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிக்கங்க என்று கேட்டு, நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து, செருப்பை நடைவாசலில் விட்டு, உள்ளே வந்து டிவியை மறைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் தெரிந்தது, அது இந்துமதி. கொஞ்சம் இளைத்திருந்தாள். பல்லடத்துக்கு வேலைக்குப் போன மதிவதனிதான் அவளைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ரத்தினாத்தாள் சுவரில் சாய்ந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தாள்.

“எல்லாருத்துக்கும் காரணம் சொல்றயாமா,” என்றாள் இந்துமதி. “நானும் வெளிய அனுப்புன ஆளுதான். என்னைய எதுக்கு அனுப்புன?”

 உண்மையைச் சொன்னால், விளம்பரம் முடிந்துவிடுமோ என்கிற கவலைகூட எங்களுக்கு அப்போது இல்லை, இதுதான் அதைவிடப் பெரிய நிகழ்ச்சியாக இருந்தது. ரத்தினாத்தாள் வழக்கம்போல ஓட்டை எங்கே என்று காட்டிவிடுவாள் என்று காத்திருந்தோம். அவள் மகளின் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கிற பார்வையேதான், தேடித் தேடிப் பார்த்தாள், எங்கேயும் அவள் கண் நிற்கவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஜோதிமணியை, என்னை, என் வீட்டுக்காரரை, வாசலில் நின்ற டார்வினை என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“உன்ற மேல ஒரு கொறையும் இல்ல கண்ணு,” என்றாள். “அந்தப் பையன் மேலயும் இல்ல. அன்னைக்கு உங்க மாமன் நின்னுட்டிருந்தான். இவிகெல்லாம் நின்னுட்டிருந்தாங்க. பாக்கறதுக்கு ஆள் இருந்துச்சு. அதனால தலைக்கு ஊத்திக்கிட்டேன்.”

“இப்பவும் இருக்குதே ஆளு,” என்றாள் இந்துமதி.

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஆனால் சந்தில் கடைசி நாற்காலியில் இருந்தவர்வரை அது கேட்டது.  பார்க்க ஆள் இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் செய்கிறவர்களை முதலில் வெளியே அனுப்ப வேண்டும் என்று வாராவாரம் சட்டம் சொன்னவளுக்கு, அந்தச் சட்டப்படி முதலில் போயிருக்க வேண்டியவள் தான்தான் என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. அது அவள் முகத்தில் தெரிவதை நான் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது, ஆனால் பார்த்தேன்.

ரத்தினாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.  “எந்திரிச்சுப் போங்க எல்லாரும்,” என்றாள், அவ்வளவு நாளில் முதல்தடவையாக அவள் குரல் உடைந்து வந்தது.

விளம்பரம் முடிந்துவிட்டிருந்தது. தொகுப்பாளர் யார் பெயரையோ சொல்ல, தோற்றவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிவியின் விளிம்பில் ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். நீ அப்பறமா வா சாமி என்று ரத்தினாத்தாள் அவன் முழங்காலைப் பிடித்து உள்ளே தள்ளி, பிளக்கைப் பிடுங்கினாள். அவன் அப்புறம் எங்கே போய் இறங்கினானோ தெரியாது.

நாங்கள் எழுந்தோம். நாற்காலிகளைச் சத்தமில்லாமல் மடக்கினோம். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். காரணம் கேட்க வந்து காத்திருந்த இரண்டு வெளியூர்க்காரர்களை டார்வின் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனான். உள்ளே ரத்தினாத்தாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், அந்தச் சத்தமே எங்களுக்குப் புதிதாக இருந்தது. சந்தில் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். பிறகு ஜோதிமணி உள்ளே போய்த் தன் கதவைச் சாத்தினாள், அதைப் பார்த்துப் பக்கத்து வீடு சாத்தியது, அதற்குப் பக்கத்து வீடு சாத்தியது, அந்தப் புழுக்கத்தில் லைன் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரர் சுவரோரமாக நகர்ந்து காதை வைக்கப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, எங்கள் வீட்டுச் சின்ன டிவியைப் போட்டுச் சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்தேன். ஏதோ ஒரு விவசாய நிகழ்ச்சி ஓடியது. கத்தரிக்குக் காய்ப்புழு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது இந்துமதியின் செருப்பு விட்ட இடத்திலேயே கிடந்தது. ஒவ்வொருவராக வந்து அதைப் பார்த்தோம். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய்க் குழாயில் வரிசை நின்றோம்.